ஃபேக்ஸ் மெஷின்: கேட்டீர்கள், சொல்கிறேன்

ஃபேக்ஸ் சர்வீஸ் வேலையில் பல வருஷம் இருந்தவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

சார், ஆபீசுக்கு ஃபைபர் லைன் வந்ததிலிருந்து ஃபேக்ஸ் பாதிப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. மெஷின் போச்சா?

மெஷின் மேல் தப்பில்லை. ஃபேக்ஸ் பக்கத்தை ஒலியாக்கித்தான் அனுப்புகிறது. காதில் விழும் அந்தக் கீச்சொலியே உங்கள் கடிதம். செம்புக் கம்பியில் அது அறுபடாமல் போகும். ஃபைபரில் குரல் துண்டு துண்டாகப் போகிறது. நடுவில் ஒரு துண்டு விழுந்தால் பேசுகிறவர் கவனிக்கக்கூட மாட்டார், ஃபேக்ஸ் தடுமாறிவிடும். இணைய லைனில் ஃபேக்ஸை அறுபடாமல் கொண்டுபோக டி.38 என்று ஒரு முறை இருக்கிறது, அந்த வசதி உண்டா என்று லைன் கொடுத்தவரிடம் கேளுங்கள். மெஷினில் அனுப்பும் வேகத்தை 9600க்கு (நொடிக்கு இத்தனை பிட்) குறைத்தும் பாருங்கள்.

அண்ணா, அப்பா பத்திரமாக வைத்திருந்த 1998 ஃபேக்ஸில் எழுத்தே இல்லை. மீட்க வழி உண்டா?

அது சூடு பட்டால் கறுக்கிற தெர்மல் தாள். வெளிச்சமும் வெக்கையும் எழுத்தைத் தின்றுவிடும், சில பிளாஸ்டிக் கவர்களும்தான். மங்கலாகவாவது தெரிந்தால் கலரில் ஸ்கேன் செய்து இருட்டாக்கிப் பாருங்கள். இஸ்திரிப் பெட்டி வைத்துவிடாதீர்கள், தாள் முழுக்கக் கறுத்துவிடும். ஃபேக்ஸ் வந்ததும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள் என்று போகிற இடமெல்லாம் சொல்வேன். கேட்டவர்கள் குறைவு.

ஜப்பானில் ஏன் ஃபேக்ஸை இன்னும் விடவில்லை?

கையால் எழுதிய காகிதத்துக்கு அங்கே மதிப்பு அதிகம். 2020இல் கொரோனா கணக்கையே ஆஸ்பத்திரிகள் ஃபேக்ஸில் அனுப்பின. பிரிட்டனோ அரசு மருத்துவமனைகள் புதிய மெஷின் வாங்குவதை 2019 ஜனவரியிலேயே நிறுத்தியது.

'ஓகே' என்று வரும் ரிப்போர்ட் சீட்டு போதுமான ஆதாரமா?

எதிர்முனை மெஷின் வாங்கிக்கொண்டது என்பதற்கு மட்டும். யார் படித்தார்கள் என்பதை அது சொல்லாது. 2018 நவம்பரில் ஜம்மு காஷ்மீரின் முன்னாள் முதல்வர் மெஹபூபா முஃப்தி ஆட்சியமைக்க உரிமை கோரி ஜம்மு ராஜ்பவனுக்கு ஃபேக்ஸ் அனுப்ப முயன்றார், போகவில்லை. கடிதத்தை ட்விட்டரில் போட்டார். அன்றிரவே ஆளுநர் சத்யபால் மாலிக் சட்டசபையைக் கலைத்தார். மீலாது விடுமுறை, ஃபேக்ஸைப் பார்க்க ஆளில்லை என்று பிறகு விளக்கம் வந்தது. அந்தச் செய்தி இன்னும் என்னை உறுத்துகிறது. அவசரக் காகிதம் அனுப்பினால், போன் போட்டு "கைக்கு வந்ததா?" என்று கேட்டுவிடுங்கள்.

கடையில் கிடக்கும் பழைய மெஷினை எடைக்குப் போடலாமா?

போடுங்கள், ஆனால் மை பூசிய ஃபிலிம் ரோல் போட்ட மாடல் என்றால் முதலில் ரோலைக் கழற்றுங்கள். அச்சான ஒவ்வொரு பக்கமும் அதில் எழுத்து எழுத்தாகப் பதிந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் பாங்க் கணக்கு நம்பர்கூடத் தெரியும். துண்டு துண்டாக வெட்டிவிட்டு மெஷினைக் கொடுங்கள்.