பல் முளைக்கிற பேதியா?

கேள்வி: என் மகளுக்கு ஏழு மாதம். இரண்டு நாளாக ஏழெட்டுத் தடவை தண்ணீராகப் போகிறாள், உடம்பும் சுடுகிறது. "பல் முளைக்கிற பேதி, நிறுத்தினால் பல் சரியாக வராது" என்கிறார் மாமியார். மேல் ஈறில் வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, மேல்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்கிறார். என் தம்பிக்கு இப்போதுதான் பெண் பார்க்கிறோம். பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: அன்புத் தங்கைக்கு, கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் சொன்னேன். குழந்தை தேறிவிட்டாள் என்று கேட்டபிறகுதான் எனக்கும் நிம்மதி. இதே குழப்பத்தில் இருக்கும் மற்ற அம்மாக்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

பல் முளைத்தால் ஈறு தடிக்கும், எச்சில் ஒழுகும், கிடைத்ததை எல்லாம் கடிக்கும், இரவில் சிணுங்கும். அவ்வளவுதான். பேதி ஆகாது. 100.4 டிகிரியைத் தாண்டிய காய்ச்சலும் பல்லால் வருவதில்லை.

உங்கள் மாமியார் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். பல்லும் பேதியும் ஒரே சமயத்தில் வருவது நிஜம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைவதும், கஞ்சி, கூழ் கொடுக்க ஆரம்பிப்பதும், குழந்தை தரையில் இறங்குவதும் அந்த ஆறு, ஏழு மாதத்தில்தான். பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கிலுகிலுப்பை வாய்க்குப் போகும், கீழே விழும், வாசல்படி வரை உருளும், மறுபடி வாய்க்கே வரும். கையில் கட்டிய வசம்பு வளையலும் அப்படித்தான்: எச்சிலில் ஊறி, தரையில் தேய்ந்து, திரும்ப வாய்க்குள். கிருமி போகிற வழி இதுதான்.

'பல் பேதி' என்று பேர் வைத்துவிட்டால் நாம் காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறோம். எனக்குப் பயம் அதில்தான். நான் செவிலியராக இருந்த வருடங்களில், உடம்பில் நீர் வற்றி, உச்சிக்குழி உள்ளே போய், அழுதாலும் கண்ணீர் வராத குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த அம்மாக்கள் எத்தனையோ பேர் சொன்ன முதல் வார்த்தை, "பல்லுதான்னு நெனச்சோம் சிஸ்டர்."

பேதி ஆரம்பித்த உடனே ஓ.ஆர்.எஸ். (உப்பு, சர்க்கரைக் கரைசல்) கொடுங்கள். பெரிய பாக்கெட் என்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கொட்டிக் கலக்க வேண்டும். பாதி பாக்கெட், குத்துமதிப்பான தண்ணீர் என்பது கூடாது. ஒவ்வொரு தடவை போனபிறகும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள். மீதியை மறுநாளுக்கு வைக்காதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு ஜிங்க் மாத்திரை தினம் 20 மில்லிகிராம், பேதி நின்றபிறகும் சேர்த்து மொத்தம் 14 நாள். ஓ.ஆர்.எஸ்., ஜிங்க் இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும். குழந்தை துவண்டு கிடந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ அந்த நிமிடமே கிளம்புங்கள், ராத்திரியானாலும் சரி.

ஈறு வலிக்கு, சுத்தமான ஈரத்துணியை ஃபிரிட்ஜில் சற்று வைத்துக் கடிக்கக் கொடுக்கலாம். கையைக் கழுவிவிட்டு விரலால் ஈறை மெல்லத் தேய்த்துவிடலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஈறை மரத்துப்போக வைக்கிற ஜெல் வேண்டாம். தேன் தடவுவது ஒரு வயது வரை கண்டிப்பாகக் கூடாது.

அப்புறம் அந்த மேல்பல். பெரும்பாலும் கீழ்ப்பல் முந்தும், சில குழந்தைகளுக்கு மேல்பல் முந்தும். இரண்டும் இயல்புதான். உங்கள் தம்பிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெண் பார்க்கும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பல் வெளியே வந்ததும் சின்ன பிரஷ்ஷில் அரிசி மணியளவு பேஸ்ட் வைத்துத் துலக்க ஆரம்பிக்க வேண்டும். மருமகளுக்கு அந்த முதல் பிரஷ்ஷைத் தாய்மாமனே வாங்கி வரட்டும்.