ஏஐ தூக்கிய பதிவு: வாசகர் கேள்வி – பதில்

கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) அமைக்கக் கோரி இரண்டு நிமிட வீடியோ போட்டோம். வசனம் எங்களுடையது, குரல் ஏஐ. அலை வீட்டுக்குள் புகுவதுபோல் ஏஐ படம் ஒன்றும் உண்டு. மறுநாள் வீடியோவைக் காணோம். ஏஐ-யைத் தொட்டதே தப்பா?
– வாசகர், குளச்சல்

தொட்டது தப்பில்லை. சொல்லாமல் விட்டதுதான் பெரும்பாலும் வம்பாகிறது. 2026 பிப்ரவரி 20 முதல் அமலில் உள்ள தகவல் தொழில்நுட்ப விதித் திருத்தப்படி, நிஜ ஆள், நிஜ நிகழ்வு என்று பார்ப்பவர் நம்பக்கூடிய செயற்கைப் படம், ஒலி, வீடியோவுக்கு ‘இது ஏஐ-யில் செய்தது’ என்ற முத்திரை வேண்டும். நிறத்தைச் சரிசெய்வது, இரைச்சலைக் குறைப்பது, சப்டைட்டில் போடுவது, மொழிபெயர்ப்பது எல்லாம் பொருளை மாற்றாதவரை இதில் வராது. உங்கள் அலைப் படம் வரும். குரலும் மனிதக் குரல்போலவே ஒலித்தால் முத்திரை வைப்பதே பத்திரம்.

பதிவேற்றும்போது ‘ஏஐ-யில் உருவாக்கியதா’ என்று கேட்டால் ‘ஆம்’ என்று குறியுங்கள். அதோடு நிற்காமல் ‘ஏஐ கற்பனைப் படம்’ என்று படத்தின் மேலேயே எழுதுங்கள். குரலுக்கு முன்னால் ஒரு வரி சொல்லிவிடுங்கள். கீழே குறிப்பாக எழுதினால், வாட்ஸாப்பில் யாராவது இறக்கி அனுப்பும்போது குறிப்பு உதிர்ந்து வீடியோ மட்டும் ஊர் சுற்றும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறோம்: கடலரிப்பு கண்ணெதிரே நடக்கும் ஊருக்கு ஏஐ அலை எதற்கு? இடிந்த சுவரை செல்போனில் எடுத்தால் போதுமே. ஒரு போலிப் படம் போதும், கோரிக்கை முழுவதையும் போலி என்று தள்ளிவிட.

இனி, போன வீடியோவை மீட்கும் வழி. முதலில், நீக்கியது யார் என்று பாருங்கள். நிறுவனமே நீக்கியிருந்தால், 50 லட்சத்துக்கு மேல் பயனர் உள்ள தளங்கள் காரணத்தைத் தெரிவித்து, மறுப்பு சொல்ல வாய்ப்பும் தர வேண்டும் என்பது விதி. அந்த அறிவிப்பை தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பதிவின் முகவரியையும் மூல ஃபைலையும் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸாப் பிரதி வேண்டாம். அது சுருங்கி, எடுத்த நேரம் போன்ற விவரங்களை இழந்திருக்கும். ஆப்பில் உள்ள ‘அப்பீல்’ பொத்தானோடு விட்டுவிடாதீர்கள். அந்தத் தளத்தின் இந்தியக் குறைதீர்ப்பு அதிகாரிக்குத் தனியாகப் புகார் அனுப்புங்கள். 24 மணி நேரத்தில் ஒப்புகை வர வேண்டும், 7 நாளில் முடிவு. முடிவு ஏற்புடையதாக இல்லையென்றால், அது கிடைத்த 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: அதிகாரிக்கு எழுதிய புகாரின் எண் இல்லாமல் நேரே குழுவுக்குப் போவார்கள்.

அரசு உத்தரவால் நீக்கப்பட்டிருந்தால் பாதை வேறு: உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. நம் குமரி மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. இந்த விதியின்கீழ் உள்ளூர் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் நீக்க உத்தரவு போட முடியாது. போலீஸ் தரப்பில் டிஐஜி அந்தஸ்துக்குக் குறையாத, அதற்கென்றே அதிகாரம் பெற்ற அதிகாரி எழுத்தில் காரணத்தோடு தர வேண்டும். உத்தரவு கிடைத்த 3 மணி நேரத்துக்குள் தளம் நீக்கியாக வேண்டும். முன்பு 36 மணி நேரம் இருந்தது. எங்கள் கவலை இந்த 3 மணி நேரம்தான். தமிழ் தெரிந்த ஆள் உட்கார்ந்து படித்து, இது கோரிக்கையா கலவரத் தூண்டுதலா என்று யோசிக்க அது போதாது. நீக்காவிட்டால், பயனர் போட்ட பதிவுக்குத் தளம் பொறுப்பல்ல என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு தரும் பாதுகாப்பு போய்விடும் என்று பயந்து, நிறுவனங்கள் முதலில் தூக்கிவிடும்.

‘ராத்திரி வெடி உண்டு, எல்லாரும் வாங்க’ என்று திருவிழாப் பதிவு போட்டேன். வன்முறை என்று எச்சரிக்கை வந்தது. மெஷினுக்கு நம் பேச்சு புரியாதா?
– வாசகி, தக்கலை

அரைகுறையாகத்தான் புரியும். பதிவுகளைச் சலிக்கும் இந்த ஏஐ வடிகட்டிகள் ஆங்கிலத்தில் படித்த அளவுக்குத் தமிழில் படித்தவை அல்ல. அதிலும் மலையாளம் கலந்த குமரித் தமிழ், தங்கிலீஷ் (ஆங்கில எழுத்தில் தமிழ்) என்றால் சொல்லைப் பிடிக்கும், சூழலை விட்டுவிடும். வெடிக்கெட்டும் (வாணவேடிக்கை) வெடிகுண்டும் அதற்குப் பக்கத்துப் பக்கத்து வீடு. பதிவில் கோயில், தேவாலயம் அல்லது பள்ளிவாசலின் பெயர், திருவிழாவின் எத்தனையாம் நாள் என்பதைச் சேருங்கள். மேல்முறையீட்டில் ‘இது திருவிழா வாணவேடிக்கை’ என்று பொதுத்தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு வரி எழுதுங்கள். நடுவில் நட்சத்திரக் குறி போட்டு ‘வெ*டி’ என்று எழுதாதீர்கள். ஒளித்து எழுதியதாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

அரசியல்வாதியை ஏஐ-யில் கேலிச்சித்திரமாகப் போட்டால் கேஸ் வருமா? 66ஏ என்று மிரட்டுகிறார்கள்.
– கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்க வைத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்றே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கேலி குற்றமல்ல. அரசியல் சாசனத்தின் 19(2) பிரிவு சொல்லும் எட்டுக் காரணங்களுக்காக மட்டுமே சட்டம் போட்டுப் பேச்சைக் கட்டுப்படுத்தலாம். ‘மனம் புண்பட்டது’ என்பது அந்தப் பட்டியலில் தனிக் காரணமாக இல்லை. ஆனால் அவதூறு இருக்கிறது: பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 356-வது பிரிவு. மூக்கைப் பெரிதாக்கி வரைந்தால் கேலி என்று குழந்தைக்கும் தெரியும். அவர் குரலையே நகலெடுத்து, ‘லஞ்சம் வாங்கினேன்’ என்று சொல்லவைத்து முத்திரையில்லாமல் விட்டால் அது கேலி ஆகாது. இரண்டாவதைச் செய்துவிட்டுக் கருத்துரிமை என்று எங்களிடம் வராதீர்கள்.

தங்கையின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டிப் பரப்புகிறார்கள்.
– வாசகர், நாகர்கோவில்

இப்படிப்பட்ட படத்தைப் புகார் வந்த 2 மணி நேரத்துக்குள் தளம் நீக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் தரலாம். தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் பதிவு செய்யலாம். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். ஆதாரம் என்று அந்தப் படத்தை உறவினர் யாருக்கும் அனுப்ப வேண்டாம். பதிவின் முகவரி, கணக்கின் பெயர், நேரம் போதும்.

குரூப்பில் ஒருவர் போலி வீடியோ போட்டால் அட்மின் உள்ளே போவாரா?
– வாசகர், கருங்கல்

அட்மின் என்பதற்காக மட்டும் அல்ல. வெறும் அட்மினாக இருந்து வேறெதிலும் பங்கில்லை என்றால் அவர் பெயரை நீக்க வேண்டும் என்று மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது. உறுப்பினர் போட்டதற்கு அட்மின் பொறுப்பல்ல என்று கேரள உயர் நீதிமன்றமும் 2022-ல் தீர்ப்பளித்தது. நீங்களே அதை இன்னொரு குரூப்புக்கு ஃபார்வேர்ட் செய்திருந்தால் கதை வேறு.