எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்கள் இருக்கும்போது, எண்ணூரில் எண்ணெய் கொட்டியதற்கு ஏன் இவ்வளவு கவலை?

எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்கள் இருப்பது உண்மைதான். அல்கானிவோராக்ஸ் என்ற வகைக்கு எண்ணெயில் உள்ள அல்கேன்கள்தான் (சங்கிலி வடிவ ஹைட்ரோகார்பன்கள், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருட்கள்) முக்கிய உணவு. சுத்தமான கடலில் தேடினால் அகப்படுவதே கஷ்டம், எண்ணெய் கலந்த சில நாட்களில் பல்கிப் பெருகிவிடும். ஆனால் அது இருக்கிறதா என்பதைவிட, கொட்டிய இடத்தில் அதற்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. குளிரா வெயிலா, ஆக்சிஜன் உண்டா, நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கிறதா, கொட்டியது எந்த எண்ணெய் என்பதைப் பொறுத்து எந்தக் கூட்டம் தலையெடுக்கும் என்பது மாறும்.

இந்த விஷயத்தில் மிக விரிவாக ஆராயப்பட்டது மெக்சிகோ வளைகுடாதான். 2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் தளம் வெடித்து 11 பேர் இறந்தார்கள். சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்த கிணறு 87 நாட்கள் எண்ணெயைக் கக்கியது. அமெரிக்க அரசின் அன்றைய மதிப்பீடு 49 லட்சம் பேரல். இதில் ஒரு பகுதி மேலே வராமல், ஏறத்தாழ 1,100 மீட்டர் ஆழத்தில், 5 டிகிரி குளிரில் மேகம் மாதிரிப் பரவி நின்றது.

அந்தக் குளிரில் எதுவும் நடக்காது என்றுதான் தோன்றும். ஆனால் மே மாத இறுதியில் எடுத்த மாதிரிகளில் ஓஷனோஸ்பைரில்லேல்ஸ் வகையைச் சேர்ந்த ஒரு கூட்டம் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தது. சாதாரணமாக அந்த ஆழத்தில் அது சிறுபான்மை. கல்யாண வீட்டுப் பந்தி போலத்தான் பிறகு நடந்தது. முதலில் அல்கேன் தின்ற இந்தக் கூட்டம் எழுந்ததும் ஈத்தேன், புரொப்பேன் தின்னும் கோல்வெல்லியாவும், வளைய வடிவ ஹைட்ரோகார்பன்களைத் தின்னும் சைக்ளோகிளாஸ்டிகஸும் உட்கார்ந்தன. மீத்தேன் தின்பவை அடுத்து. கிணறு அடைபட்ட பிறகு, இவையெல்லாம் விட்டுப்போன மிச்சத்தையும் செத்த செல்களையும் தின்ன வேறு ஒரு கூட்டம்.

அதே எண்ணெய் ஃபுளோரிடாவின் பென்சகோலா கடற்கரை மணலில் ஒதுங்கியபோது தலையெடுத்தவை வேறு: அல்கானிவோராக்ஸும் மரினோபேக்டரும். வெயில், அலை, மணலுக்குள் புகுந்து போகும் காற்று எல்லாம் அங்கே உண்டு.

மேற்பரப்பில் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. எண்ணெய்ப் படலத்துக்குள் நுண்ணுயிர்கள் சுவாசிக்கும் வேகம் வெளியே இருந்ததைப்போல சுமார் 5 மடங்கு இருந்தது. அதாவது, தின்றன. ஆனால் அவற்றின் மொத்த எடை கூடவே இல்லை! எண்ணெயில் கார்பன் ஏராளம், ஆனால் புதிய செல்லைக் கட்ட வேண்டிய பாஸ்பரஸ் அந்தத் தண்ணீரில் போதுமான அளவு இல்லை.

வளைகுடாவுக்கு இன்னொரு சாதகமும் இருந்தது. அதன் அடித்தரையில் பல இடங்களில் இயற்கையாகவே எண்ணெய் கசிந்துகொண்டிருக்கிறது. ஆகவே எண்ணெய் தின்னத் தெரிந்தவை கொஞ்சமாவது அங்கே எப்போதும் இருந்தன. எல்லாக் கடலுக்கும் அந்த வசதி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அப்புறம், எண்ணெயைத் துளித்துளியாகச் சிதறடிக்க ஊற்றிய சுமார் 70 லட்சம் லிட்டர் ரசாயனமும் ஒரு மாசுதான். அது கோல்வெல்லியாவை வளர்த்து மரினோபேக்டரை ஒடுக்கியது, எண்ணெய் சிதைவை வேகப்படுத்தவில்லை என்று 2015-இல் ஓர் ஆய்வகச் சோதனை சொன்னது. இதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு.

எதிர்ப்பக்கத்துக்கு அலாஸ்கா. 1989-இல் எக்ஸான் வால்டீஸ் கப்பலிலிருந்து சுமார் 4 கோடி லிட்டர் கொட்டியது. அங்கே கரைகளில் உரம் தெளித்தார்கள், ஆம், பயிருக்குப் போடுவதுபோல நைட்ரஜனும் பாஸ்பரஸும். மேலே கிடந்த எண்ணெய் சிதைவது வேகமானது. ஆனால் 2001-இல் கூழாங்கல் கரைகளைத் தோண்டிப் பார்த்தபோது, அடியில் எண்ணெய் அப்படியே இருந்தது. ஆக்சிஜன் போதாத இடத்தில் எண்ணெய் தின்பவை மிக மெதுவாகத்தான் வேலை செய்யும்.

சரி, எண்ணூருக்கு வருவோம். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கொட்டியது கனமான எரிபொருள் எண்ணெய். மெக்சிகோ வளைகுடாவில் வந்த இலேசான கச்சா எண்ணெய் போன்றதல்ல. ரெசின், ஆஸ்பால்டீன் போன்ற தார்த்தன்மை உள்ள பொருட்கள் இதில் அதிகம், இவற்றைப் பெரும்பாலான பாக்டீரியாக்கள் தொடுவதே இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெயோ கொசஸ்தலையாற்றின் கழிமுகத்துக்குள் புகுந்து, படகு, வலை, அலையாத்தி மரங்கள் என்று எல்லாவற்றிலும் ஒட்டியது. கழிமுகச் சேற்றில் சில மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அலாஸ்கா கூழாங்கல்லுக்கு அடியில் இருந்த அதே நிலைமை.

"பாக்டீரியா பவுடர் தூவினால் போதாதா?" என்றும் சிலர் கேட்கிறார்கள். டெரி என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆயில்ஜாப்பர் என்ற பாக்டீரியாக் கலவை நம் நாட்டில் பயன்பட்டிருக்கிறது. ஆனால் ஆலைகளின் எண்ணெய்க் கசடை நிலத்தில் பரப்பி, பாக்டீரியாவோடு ஊட்டச்சத்தும் கலந்து, அடிக்கடி உழுது காற்றோட்டம் கொடுத்துச் செய்யும் வேலை அது. அலையாத்தி வேர்களுக்கு நடுவே யார் ஏர் ஓட்டுவது? 2017-இல் எண்ணூரில் எண்ணெயை வாளியால் அள்ளியதைப் பார்த்து நிறையப் பேர் சிரித்தார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. கருவிகள் போதாமல் போனதைக் கேள்வி கேட்கலாம். ஆனால் சேற்றுக்குள் இறங்கும் முன் அள்ளிய எண்ணெய்தான் எண்ணூரில் உறுதியாக வெளியேறிய எண்ணெய்.