கல்லீரலில் தங்கிய இரும்பை எம்.ஆர்.ஐ. எப்படி அளக்கிறது?

காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: தலசீமியாவுக்காக (பரம்பரையாக வரும் ரத்தசோகை நோய்) அடிக்கடி ரத்தம் ஏற்றும் அண்ணன் மகனுக்கு, உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தாயிற்று, அப்புறம் 'டி2 ஸ்டார்' எம்.ஆர்.ஐ. எதற்கு என்று.

அவசியம் எடுங்கள். ஏற்றும் ஒவ்வொரு யூனிட் ரத்தத்திலும் ஏறக்குறைய 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அந்த உபரியை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. கல்லீரலிலும் இதயத்திலும் நுண்ணிய காந்தத் துகள்களாகத் தங்கிவிடுகிறது.

ஸ்கேனில் அந்த இரும்பு நேரடியாகத் தெரியாது. சிக்னல் தருபவை சுற்றியுள்ள நீரின் ஹைட்ரஜன் கருக்கள். ரேடியோ அலை தட்டியதும் அவை நம்மூர் முளைப்பாரிக் கும்மி போல ஒரே தாளத்தில் சுழலும். துகளுக்கு அருகே காந்தப்புலம் மாறுபடுவதால் அங்கிருப்பவை தாளம் தப்பும், மொத்த சிக்னலும் சீக்கிரம் மங்கும். அந்த மங்கும் வேகத்தைக் குறிக்கும் நேரம்தான் டி2 ஸ்டார். இரும்பு கூடக் கூட இது குறையும்.

இன்னொரு ரேடியோ அலைத் துடிப்பைக் கொடுத்து, தாளம் தப்பியவற்றை ஓரளவு மறுபடி சேர்க்கலாம். அப்படி அளப்பது டி2. ஆனால் நீர் மூலக்கூறுகள் நகர்ந்துகொண்டே இருப்பதால் முழுதாகச் சேராது. அதனால் ஒரே அளவு இரும்பு திரளாகக் கிடந்தால் ஒரு டி2, பரவிக் கிடந்தால் வேறு டி2.

1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) கருவியில் இதயத்தின் டி2 ஸ்டார் 20 மில்லிசெகண்டுக்கு மேல் இருந்தால் நல்லது. 10-க்குக் கீழே போனால் ஆபத்து. 3 டெஸ்லாவில் அதே இரும்புக்கும் எண் குறைவாகவே வரும். பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடும்போது இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஃபெரிட்டின் சாதாரண தொற்றிலும் ஏறும், அதனால் அதை மட்டும் நம்ப முடியாது. கல்லீரலில் இரும்பு குறைவாக இருந்தும் இதயத்தில் சேர்ந்திருக்கலாம், ஆகவே கல்லீரல், இதயம் இரண்டையும் சேர்த்தே ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.