கடலோர வீட்டுக் கணினியில் லினக்ஸ் அடிக்கடி உறைந்து நிற்கிறது. மதர்போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இவ்வாறு. கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் கடற்கரையை ஒட்டிய வீடு. நான்காம் தலைமுறை கோர் ஐ3 செயலி (பிராசசர்), எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் கொண்ட மேசைக்கணினி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துபோனதாலும், விண்டோஸ் 11 உங்கள் செயலியை ஏற்காததாலும் லினக்ஸ் மின்ட் 22 நிறுவியிருக்கிறீர்கள். இப்போது கணினி அவ்வப்போது அப்படியே உறைந்து நிற்கிறது. சில காலைகளில் தேதி தவறாகக் காட்டுகிறது, அப்டேட்டும் வர மறுக்கிறது. புதிதாக வாங்கிய யுஎஸ்பி வைஃபை வேலை செய்யவில்லை. மதர்போர்டு போய்விட்டது என்று கடைக்காரரும், லினக்ஸ் போட்டதுதான் வினை என்று வீட்டிலுள்ளவர்களும் சொல்கிறார்கள்.

இவ்விரண்டு தீர்ப்புகளையும் இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். நான் இரணியல் பக்கம் வசிப்பவன். உறவினர், தெரிந்தவர் வீடுகளில் லினக்ஸ் கணினிகளைப் பார்த்துக்கொடுப்பதுண்டு. அந்த அனுபவத்தில் சொல்வதென்றால், நம் கடலோரத்தில் இப்படி உறையும் கணினியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரேம் பொருந்தும் இடம், அடுத்து டிஸ்க்கும் அதன் கேபிளும், அதன்பின் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி). மதர்போர்டு வரிசையில் கடைசியாகத்தான் வரும். அதற்குப் பதில் இன்றைய தலைமுறை போர்டு வாங்கினால் செயலியையும் ரேமையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், சோதிக்காமல் ஒப்புக்கொள்ளக்கூடாத தீர்ப்பு அது.

தேதிச் சிக்கலை முதலில் முடியுங்கள். அது மிக மலிவானது, மற்றச் சோதனைகளுக்கும் தேவையானது. மதர்போர்டில் காசு வடிவில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தளர்ந்துவிட்டது. சுவர் சுவிட்ச் அணையாமல் இருக்கும் வரை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் சிறு மின்சாரத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். இரவில் சுவிட்சை அணைத்தாலோ மின்தடை வந்தாலோதான் பேட்டரியின் பலவீனம் வெளிப்படும். எல்லா நாளும் இல்லாமல் சில காலைகளில் மட்டும் தேதி பிறழ்வதற்கு இதுவே காரணம். தேதி பின்னுக்குப் போனால் அப்டேட் பட்டியல் எதிர்காலத்தில் வெளியானது போலத் தோன்றும், ஆகவே கணினி அதை ஏற்க மறுக்கும். உலாவியும் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று எச்சரிக்கும். இணையம் ஒழுங்காகக் கிடைத்தால் லினக்ஸ் தானாகவே நேரத்தைத் திருத்திக்கொள்ளும். வைஃபையும் இல்லாததால் உங்களுக்கு அந்த வாய்ப்பும் போயிற்று. கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: பேட்டரியை மாற்றும்போது பயாஸ் (கணினி துவங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். டிஸ்க் இணைப்புக்கான சாட்டா முறை ஏஎச்சிஐ என்று இருக்கிறதா, துவக்க முறை நீங்கள் லினக்ஸ் நிறுவியபோது இருந்த அதே யுஇஎஃப்ஐ அல்லது லெகசி நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கணினி துவங்காமல் நிற்கும், பழி மறுபடியும் லினக்ஸின் தலையில் விழும்.

அடுத்து, 'உறைந்தது' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் வெவ்வேறு நோய்கள் அடங்கியிருக்கின்றன. மவுஸ் தத்தித் தத்தி நகர்ந்து, டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்து, சில நிமிடம் பொறுத்தால் கணினி மீண்டு வருமானால் அது பெரும்பாலும் ரேம் போதாமைதான், பழுது அல்ல. திரை நின்றுவிட்டாலும் கேப்ஸ் லாக் விசையை அழுத்தும்போது விளக்கு மாறினால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் உயிரோடிருக்கிறது என்று பொருள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும், அங்கிருந்து முறையாக மறுதுவக்கம் செய்யலாம். அந்த விளக்கும் மாறவில்லை, ஒலி ஒரே துணுக்கில் சிக்கி நிற்கிறது என்றால் வன்பொருளைச் சந்தேகிக்க வேண்டும். திரை இருண்டு தானாக அணைந்தாலோ மறுபடி துவங்கினாலோ மின்சாரம் அல்லது சூடு. அடுத்த முறை நிகழும்போது பவர் பொத்தானை அழுத்துவதற்கு முன் இவற்றில் எது என்று பார்த்துவிடுங்கள்.

பிறகு கணினியே எழுதிவைத்திருக்கும் பதிவைப் படியுங்கள். லாக்ஸ் என்னும் மென்பொருளில் (இல்லையென்றால் சாப்ட்வேர் மேனேஜரில் க்னோம் லாக்ஸ் என்று தேடி நிறுவிக்கொள்ளலாம்) முந்தைய துவக்கத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் கடைசி வரிகளைப் பாருங்கள். 'அவுட் ஆஃப் மெமரி' என்றிருந்தால் ரேம் போதவில்லை. 'ஏடிஏ' என்று தொடங்கி 'ஐ/ஓ எரர்' என்று முடியும் வரிகள் டிஸ்க்கையோ கேபிளையோ காட்டுகின்றன. 'மெஷின் செக்', 'ஹார்ட்வேர் எரர்' என்னும் சொற்கள் செயலியே புகார் கொடுத்திருப்பதன் அடையாளம். எந்தப் புகாரும் இல்லாமல் பதிவு பாதி வழியில் அறுந்துபோயிருந்தால், எழுதக்கூட நேரமில்லாமல் நின்றிருக்கிறது என்று பொருள். ரேமும் எஸ்எம்பிஎஸ்ஸும் அத்தகைய பழுதைத் தரும். தேதி தவறாக இருந்த நாட்களின் பதிவுகள் முன்பின்னாகக் கலந்து கிடக்கும் என்பதாலும்தான் பேட்டரியை முதலில் மாற்றச் சொன்னேன்.

இனி ரேம். கடலலையில் தெறித்து எழும் நுண்துளிகள் உலர்ந்து, உப்பாகக் காற்றோடு வீட்டுக்குள் வருகின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் அடுக்களையில் உப்புச் சாடி கசிந்து நிற்பதும் இதே காரணத்தால்தான். நம் மாவட்டத்துக்கோ தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. ஆனி முதல் கார்த்திகை வரை உப்புப் படலம் காய்வதற்கு அதிக இடைவெளி கிடைப்பதில்லை. ரேம் முனையில் இருக்கும் தங்கப் பூச்சு மிக மெல்லியது. அதில் நுண்ணிய துளை இருந்தாலும் உப்பு நீர் அடியிலுள்ள உலோகத்தை அரிக்கத் தொடங்கும். தொடுப்பு விட்டுவிட்டு வேலை செய்யும். நாள்தோறும் ஓடும் கணினி தன் சூட்டிலேயே உள்ளே உலர்ந்திருப்பதால் தப்பித்துக்கொள்ளும்; மழையில் வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்து, வெளிநாட்டிலிருக்கும் மகன் அழைக்கும்போது மட்டும் திறக்கப்படும் கணினிதான் அதிகம் பாதிக்கப்படும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடிவைப்பது ஈரத்தை உள்ளேயே சிறைப்படுத்தும். பருத்தித் துணி போதும். கடல் பார்த்த சன்னலோரத்திலிருந்தும் நகர்த்திவையுங்கள்.

சுத்தம் செய்ய, செருகியைக் கழற்றி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு ரேமை எடுங்கள். அழிப்பான் கொண்டு தேய்ப்பது கடைகளில் வழக்கம். உடனடியாகப் பலன் தருவதும் உண்மைதான். ஆனால் அது அழுக்கோடு தங்கப் பூச்சையும் கொஞ்சம் கொண்டுபோகும், துகளும் ஸ்லாட்டில் விழும். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு இழை ஒட்டாத துணியில் நனைத்துத் துடைப்பதே சிறந்தது. ஸ்லாட்டுக்குள் அதே திரவத்தில் நனைத்த மென்தூரிகை போதும். கீலுக்கும் பூட்டுக்கும் அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை ஒருபோதும் உள்ளே அடிக்காதீர்கள்.

மாட்டியபின் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஒரு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து துவங்கி இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ரேம் சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். 'கொஞ்சம் பிழை பரவாயில்லை' என்று சொல்வதற்கு இங்கே இடமில்லை. பிழை வந்தால் அதே ரேமை மற்ற ஸ்லாட்டில் மாட்டிச் சோதியுங்கள். இரண்டிலும் பிழை வந்தால் பெரும்பாலும் ரேம் கெட்டிருக்கிறது. ஒன்றில் மட்டும் வந்தால் அந்த ஸ்லாட்தான் கெட்டது, மற்றதைக் கொண்டே காலம் தள்ளலாம். கடைக்காரரின் தீர்ப்பில் உண்மை இருக்கக்கூடிய ஓர் இடம் இந்த ஸ்லாட்தான், அப்போதும் மதர்போர்டை மாற்ற அவசியம் வராது.

டிஸ்க்கைப் பார்க்க மின்டில் ஏற்கெனவே இருக்கும் டிஸ்க்ஸ் மென்பொருளைத் திறந்து, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் தரவை வாசியுங்கள். மேலே 'டிஸ்க் இஸ் ஓகே' என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கும் அது நற்சான்று கொடுக்கும். எண் 5, 197, 198 ஆகிய வரிகளின் மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். 197 பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் வேறெதையும் செய்வதற்கு முன் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள். எண் 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, சாட்டா கேபிள் அல்லது அதன் தொடுப்புதான் கோளாறு. கேபிள் மலிவான பொருள். மாற்றிவிட்டு எண் மேலும் ஏறுகிறதா என்று கவனியுங்கள். பழைய எண்ணிக்கை அழியாது, கூடாமல் இருந்தால் போதும்.

பணம் செலவிடுவதென்றால் என் வரிசை இது: முதலில் 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்), அதன்பின் இன்னொரு 4 ஜிபி ரேம். பலர் ரேமை முதலில் வாங்கச் சொல்வார்கள்; நான் ஒப்பவில்லை. ரேம் போதாதபோது லினக்ஸ் டிஸ்க்கின் ஒரு பகுதியை ரேம்போலப் பயன்படுத்துகிறது. சுழலும் டிஸ்க்கில் அது கணினியையே முடக்கிவிடும், எஸ்எஸ்டியில் சற்றுத் தயங்குவதோடு முடிந்துவிடும். எஸ்எஸ்டியை மதர்போர்டில் 6 ஜிகாபிட் என்று குறித்திருக்கும் சாட்டா இணைப்பில் மாட்டுங்கள். எச்81இல் எல்லா இணைப்புகளும் அந்த வேகம் கொண்டவை அல்ல. பழைய டிஸ்க்கின் ஸ்மார்ட் நன்றாக இருந்தால் படங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ரேம் டிடிஆர்3 வகை என்பதால் பழையதாகவே வாங்கினாலும் தவறில்லை, மெம்டெஸ்ட்தான் கையில் இருக்கிறதே. ஆனால் 'ஏஎம்டி மட்டும்' என்று சிறிய எழுத்தில் போட்டு மலிவாக விற்கும் ரேம் உங்கள் இன்டெல் போர்டில் ஓடாது. பழைய ஹார்ட் டிஸ்க்கை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். ரேம் வாங்கும் வரை இசட்ரேம் வசதியை நிறுவிக்கொண்டால் நினைவகத்தின் ஒரு பகுதி சுருக்கி வைக்கப்பட்டு, 4 ஜிபி கொஞ்சம் தாராளமாகத் தெரியும். மின்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பும் இதே நோக்கத்துக்கு உதவும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பதிவு நடுவில் அறுந்தே நிற்குமானால் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வாருங்கள். தெரிந்தவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. பழையதைத் திறந்து பார்க்க வேண்டாம்; 230 வோல்ட்டை நேர்மின்னாக்கும்போது உள்ளிருக்கும் கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கும், செருகியைக் கழற்றிய பின்னும் அது சிறிது நேரம் இருக்கும். பெட்டியின் உலோகத்தைத் தொடும்போது சுருக்கென்று இழுத்தால் சுவர் சாக்கெட்டில் எர்த் இல்லை என்று பொருள். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகே கணினியை ஓட்டுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் கணினி ஓடுகிறதென்றால், அதன் பின்புறச் சுவிட்ச் யூபிஎஸ் நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மற்ற நிலையில் மின்சாரம் மாறும் இடைவெளி நீண்டு, கணினி மறுதுவக்கம் ஆகக்கூடும். செயலி விசிறியின் தூசியும், அதன் அடியில் காய்ந்துபோன வெப்பம் கடத்தும் பசையும் தனிக் கதை. டெர்மினலில் (கட்டளை தட்டச்சிடும் சாளரத்தில்) சென்சார்ஸ் (sensors) கட்டளை காட்டும் வெப்பம் 100 டிகிரியை நெருங்கினால் மட்டும் அதைத் தொடுங்கள்.

கடைசியாக வைஃபை. வைஃபை வந்த பெட்டியின் மேலுள்ள பெயரைக் கொண்டு எதையும் சொல்ல முடியாது. ஒரே மாடல் பெயரில், பதிப்பு எண் மட்டும் மாறி, உள்ளே வேறு வேறு சில்லுகள் வருவதுண்டு. டெர்மினலில் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளை கொடுத்தால் உண்மையான சில்லின் அடையாளம் தெரியும். சில ரியல்டெக் வகைகள் விண்டோஸ் டிரைவரை (சாதனத்தை இயக்கும் மென்பொருளை) தாங்கிய சிடி டிரைவ் போலவே முதலில் தோன்றும். கோப்பு மேலாளரில் அந்தச் சிடியை எஜெக்ட் செய்தாலே சில வேளைகளில் வைஃபையாக மாறிவிடும். இணையத்தில் யாரோ தொகுத்து வைத்திருக்கும் டிரைவரை நிறுவுவதை நான் பரிந்துரைப்பதில்லை. கெர்னல் மாறும் நாளில் அது நின்றுபோகக்கூடும். திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிட்டு, மீடியாடெக் எம்டி7612யு அல்லது எம்டி7921ஏயு சில்லுள்ளதை வாங்குங்கள். இவற்றுக்கான டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. உள்ளே மாட்டும் பிசிஐஇ அட்டையென்றால் இன்டெல் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210. எண் 201, 211 என்று முடிபவை உங்கள் போர்டில் இயங்காது. அதுவரை ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (கைப்பேசி இணையத்தைப் பகிரும் வசதி) போட்டால் எந்த டிரைவரும் இல்லாமல் இணையம் வந்துவிடும், அப்டேட்டையும் அதிலேயே முடித்துக்கொள்ளலாம்.

மோடம் அதே அறையில் இருக்கிறதென்றால் வைஃபையே வேண்டாம், நெட்வொர்க் கேபிள்தான் மேல். ஆனால் சித்திரை, வைகாசி மாலைகளிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும்போது மின்செருகியை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மின்னலின் பாய்ச்சல் மோடம் வழியாக அந்தக் கேபிளிலும் வரும், அதையும் சேர்த்தே கழற்ற வேண்டும்.