ஒயின் வரலாற்றுலயே பெரிய மோசடி எது?

இந்தக் கேள்விக்கு வந்திருக்கிற பதில்ல பாதிக்கு மேல அந்த ஜெஃபர்சன் பாட்டில் கதையத்தான் எழுதியிருக்காங்க. நான் 1986ல இத்தாலில நடந்த மெத்தனால் (விஷச் சாராயத்துல இருக்கிற ஆல்கஹால்) விவகாரத்தைத்தான் சொல்வேன், அதுக்கு எனக்கு சொந்தக் காரணமும் இருக்கு, கீழ வர்றேன்.

முதல்ல ஒரு விஷயம் கவனிங்க. 1985 ஜூலைல இருந்து 1986 மார்ச்சுக்குள்ள, ஒன்பது மாசத்துல ஒயின் உலகத்துல மூணு சம்பவம் வரிசையா நடந்திருக்கு. ஜூலைல ஆஸ்திரியா ஒயின்ல கெமிக்கல் கலந்திருக்கிறது வெளிய வந்துது. டிசம்பர்ல லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்துல அமெரிக்க அதிபரா இருந்த தாமஸ் ஜெஃபர்சனோடதுன்னு சொல்லி ஒரே ஒரு 1787ம் வருஷத்து லாஃபீட்ங்கிற பிரெஞ்சு ஒயின் பாட்டில் 1,05,000 பவுண்டுக்குப் போச்சு. மார்ச்ல மிலான்ல மலிவு ஒயின் குடிச்சவங்க சாக ஆரம்பிச்சாங்க.

ஜெஃபர்சன் பாட்டில் பத்தி நிறைய பேர் எழுதிட்டீங்க, அந்த பாட்டில ஏலத்துக்குக் கொண்டுவந்த ஆள் அதே மாதிரி வித்த பாட்டில்கள்ல நாலை வாங்கின ஒரு கோடீஸ்வரர் பின்னாடி ஆள் வச்சு விசாரிச்சப்போ ஜெஃபர்சனோடதுன்னு காட்ட கண்ணாடில இருந்த எழுத்து கரண்ட்ல ஓடுற மெஷினால செதுக்கினதுன்னு சொன்னாங்க. ஏமாந்தவங்க பணம் போச்சு, கோர்ட்டுக்குப் போக அவங்களுக்கு வசதியும் இருந்துது. அதோட விட்டுடறேன்.

ஆஸ்திரியா கதை கொஞ்சம் விளக்கணும். ஜெர்மனில அப்போ இனிப்பா, கெட்டியா இருக்கிற ஒயினுக்கு ஏக கிராக்கி, அதையும் சூப்பர்மார்க்கெட் விலைல கேட்டாங்க. அந்த மாதிரி ஒயினுக்கு திராட்சைய கொடியிலயே ரொம்ப நாள் பழுக்க விடணும், எல்லா வருஷமும் அது அமையாது. தண்ணியா இருக்கிற ஒயின்ல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கிற தொழிற்சாலை கெமிக்கல ஊத்தினா இனிப்பும் வரும், நாக்குல கனமாவும் தெரியும், அப்போ இருந்த வழக்கமான டெஸ்ட்ல மாட்டவும் மாட்டாது. பேப்பர்காரங்க இத 'ஆன்டிஃப்ரீஸ் ஒயின்'னு (ஆன்டிஃப்ரீஸ்னா வண்டி இன்ஜின் தண்ணி உறையாம இருக்க ஊத்துறது) எழுதினதால உலகம் பூரா பேசினாங்க. கோடிக்கணக்கான லிட்டர் ஒயின அழிச்சாங்க, ஏற்றுமதி கிட்டத்தட்ட நின்னே போச்சு, ஆகஸ்ட் மாசமே அவசர அவசரமா கடுமையான புது ஒயின் சட்டம் போட்டாங்க. நல்லவேளை அதுல யாரும் சாகல. ஆனா அதே கெமிக்கல்தான் 2025ல நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான இருமல் மருந்துல இருந்து மத்தியப் பிரதேசத்துல அத்தனை குழந்தைங்களோட கிட்னிய நிறுத்திச்சு, அதனால இத வெறும் பழைய கதையா என்னால படிக்க முடியல.

இப்ப இத்தாலி. மொத்த வியாபாரத்துல மலிவு ஒயினுக்கு விலைய டிகிரி கணக்குலதான் பேசுவாங்க, ஆல்கஹால் எவ்வளவு இருக்கோ அவ்வளவு காசு. மழை வருஷம், வெயில் பத்தல, திராட்சைல சர்க்கரை கம்மின்னா ஒயின்லயும் டிகிரி கம்மி. பிரான்ஸ்ல சில பகுதிகள்ல சர்க்கரை சேர்த்துக்கலாம், இத்தாலில அது சட்டப்படி கூடாது, சுண்டவச்ச திராட்சைச் சாறுதான் சேர்க்கணும், அதுக்கு செலவு ஜாஸ்தி. இந்த நேரத்துல 1984ல மெத்தனாலுக்கு இருந்த வரிய அரசாங்கம் எடுத்துடுச்சு. பெயிண்ட், கரைப்பான் தொழிலுக்குப் போற சரக்கு திடீர்னு ரொம்ப மலிவாயிடுச்சு, டிகிரி மீட்டருக்கு எத்தனால் (குடிக்கிற சாதாரண ஆல்கஹால்), மெத்தனால் வித்தியாசம் தெரியாது. அதனால டிகிரிய ஏத்த ஒயின்ல மெத்தனாலையே ஊத்தினாங்க. பியட்மாண்ட் பகுதில குனியோ பக்கம் நார்சோலேன்னு ஒரு ஊர்ல இருந்த வியாபாரி வழியா அந்த ஒயின் போச்சு, பார்பேரான்னு (அந்தப் பகுதி திராட்சை ஒண்ணோட பேர், அதுல செய்ற சிவப்பு ஒயினுக்கும் அதே பேர்) பேர் போட்ட பெரிய பாட்டில்கள்ல, ஏழைபாழைங்க, வயசானவங்க சாப்பாட்டோட தினம் குடிக்கிற மலிவு ஒயினா கடைக்குப் போய்ச் சேர்ந்துது. 23 பேர் செத்தாங்க. பத்துப் பதினஞ்சு பேருக்கு கண்பார்வை போச்சு.

என் காரணத்த இங்க சொல்லிடறேன். நான் ஒரு ஆஸ்பத்திரி லேப்ல டெக்னீஷியன். சில வருஷம் முன்னாடி ஒரு நாள் மதியம் காஷுவாலிட்டில இருந்து ஏபிஜி சாம்பிள் வந்துது, ரத்தத்துல அமிலம் எவ்வளவுன்னு பார்க்கிற டெஸ்ட். 7.35க்கு மேல இருக்கவேண்டிய பிஹெச் 6.9ன்னு பிரிண்ட் ஆச்சு. மெஷின் கோளாறுன்னு நினைச்சு திரும்பப் போட்டேன், அதேதான். ரிப்போர்ட்ட நானே கைல எடுத்துக்கிட்டு ஓடினேன். அந்த ஆள் ஐம்பது வயசு இருக்கும், கட்டில்ல உக்காந்திருந்தார், கண்ண நல்லா அகலமா திறந்து வச்சிருந்தார், ஜன்னல் பக்கம் முழு வெயில், அவர் சம்சாரம் கையப் பிடிச்சுக்கிட்டு "ஏம்மா கரண்ட் போச்சா, லைட்டப் போடச் சொல்லு"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். அந்தம்மா பதிலே சொல்லாம என் முகத்தப் பார்த்தாங்க.

மெத்தனால் உடம்புக்குள்ள போனதும் கொல்லாது. கல்லீரல் அத முதல்ல ஃபார்மால்டிஹைடாவும், அப்புறம் ஃபார்மிக் ஆசிடாவும் மாத்துது, அந்த ஆசிட்தான் கண் நரம்ப எரிக்குது. அதுக்கு அரை நாள், ஒரு நாள் கூட ஆகும், கூடவே நல்ல சாராயமும் கலந்திருந்தா இன்னும் லேட்டாகும், ஏன்னா கல்லீரல் முதல்ல எத்தனாலத்தான் கவனிக்கும். அதனாலயே ஆஸ்பத்திரில எத்தனாலையே மருந்தா ஏத்துறதும் உண்டு. குடிச்சவன் ராத்திரி நல்லா தூங்கிடுவான், காலைல தலைவலி வாந்தின்னு எழுந்து வழக்கமான ஹேங்ஓவர்னு நினைச்சுப் படுத்துக்குவான், மதியம் பார்வை பனி மூட்டம் மாதிரி ஆகும்போதுதான் வருவான். மிலான்லயும் இதேதான் நடந்திருக்கும், 2023ல மரக்காணத்துலயும் 2024ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துலயும் நடந்தது இதே. கருணாபுரம் செய்தி வந்த அந்த வாரம்தான் நான் இத்தாலி விஷயத்தைத் தேடித் தேடிப் படிச்சேன்.

இத்தாலி ஒயினுக்குத் திருப்புமுனை எதுன்னு கேட்டீங்கன்னா அதுவும் இந்த மெத்தனால் விவகாரம்தான். ஜெர்மனியும் பிரான்சும் இத்தாலி ஒயின் சரக்க நிறுத்திச் சோதிச்சாங்க, 1986ல ஏற்றுமதி அளவு மூணுல ஒரு பங்குக்கு மேல விழுந்துது. ஒழுங்கா தொழில் பண்ணின குடும்பங்களும் சேர்ந்து அடி வாங்கினாங்க, அது அநியாயம். ஆனா டேங்கர் கணக்குல மலிவா விக்கிற பழக்கத்துல இருந்து, கம்மியா செஞ்சாலும் எந்தத் தோட்டம், யார் செஞ்சாங்கன்னு பேர் சொல்லி விக்கிற பக்கம் நாடே வேகமா திரும்பினது அதுக்கப்புறம்தான். நார்சோலேக்குக் கொஞ்ச தூரத்துல இருக்கிற பிரா ஊர்லதான் பின்னாடி ஸ்லோ ஃபுட் இயக்கம் (அவசர உணவுக்கு எதிரா, உள்ளூர் பாரம்பரியச் சாப்பாட்டக் காப்பாத்தணும்ங்கிற இயக்கம்) வளர்ந்துது. 1992ல ஒயின் பேர், தரம் பத்தின சட்டத்த மொத்தமா திருத்தி எழுதினாங்க. விஷத்தோட சேர்த்துப் பேசப்பட்ட அதே பார்பேராவ சிலர் ஓக் பீப்பாய்ல வச்சு பெரிய ஒயினா ஆக்கிக் காட்டினாங்க, இன்னிக்கு அதுக்கு நல்ல விலை, நல்ல மரியாதை.

கோர்ட் தீர்ப்பும் 1992லதான் வந்துது, கலந்தவங்களுக்கு ஜெயில் தண்டனை கிடைச்சுது. நஷ்டஈடு மட்டும் வரல, தண்டனை வாங்கினவங்ககிட்ட சொத்து எதுவும் இல்லன்னு சொல்லிட்டாங்க. பார்வை போனவங்க அதுக்கப்புறம் பல வருஷம் அந்தக் காசுக்காகக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க.