தண்டவாளம் எடுத்த முடிவு

அன்புள்ள ஐயா,

கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் தீவின் காடுகளைப் பற்றிய தங்கள் கட்டுரையில், மரம் வெட்டுவதற்கென்றே போடப்பட்ட ரயில் பாதைகளைக் கடுமையாகச் சாடியிருந்தீர்கள். கோடரியும் ரம்பமும் சாய்த்த மரத்தை ரயில் சுமந்து சென்றது, அவ்வளவுதானே? அதன்மேல் ஏன் இத்தனை கோபம்?

செ.

அன்புள்ள செ.,

ரயில் வெறும் சுமைவண்டியாக இருந்திருந்தால் நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன். முதலில் அந்த நிலம் யாருக்கு என்பதையே ரயில்தான் தீர்மானித்தது. 1886இல் முடிந்த எஸ்குவிமால்ட் – நனைமோ பாதையைப் போட்டதற்கு ஈடாக, நிலக்கரிச் சுரங்க அதிபர் ராபர்ட் டன்ஸ்மியரின் நிறுவனத்துக்கு ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டது. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த பழங்குடியினரின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

ரயிலுக்கு முன் எருதுகள் இருந்தன. குறுக்குக் கட்டைகள் பதித்து, மீன் எண்ணெய் தடவிய பாதையில் அவை இழுக்கும் தொலைவு கொஞ்சம்தான் என்பதால், வெட்டு நீர்க்கரையை விட்டு அதிகம் விலகவில்லை. 1881இல் எஃப்ரைம் ஷே காப்புரிமை பெற்ற எஞ்சின் அந்த எல்லையை உடைத்தது. அதன் உருளைகள் வலப்பக்கம் செங்குத்தாக நிற்கும். அவை சுழற்றும் நீண்ட தண்டு, பல்சக்கரங்கள் வழியாக எல்லாச் சக்கரங்களையும் திருப்பும். சத்தத்தைக் கேட்டால் பறந்து வருவதாகத் தோன்றும், நகர்வதோ மனிதன் ஓடும் வேகத்தில்தான். ஆனால் மற்ற எஞ்சின்கள் வழுக்கி நின்றுவிடும் ஏற்றத்தில் அது பாரத்தோடு ஏறியது.

மலைச்சரிவில் பாதை போடுவது பெருஞ்செலவு. போட்ட பணம் திரும்ப வேண்டுமானால், அந்தக் கிளைப்பாதையைப் பெயர்த்து அடுத்த பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோவதற்குள், மரத்தை இழுக்கும் இரும்புவடம் எட்டும் தூரத்திலுள்ள விலைபோகும் மரம் அனைத்தையும் எடுத்தாக வேண்டும். நல்ல மரத்தை மட்டும் தேர்ந்து வெட்டிவிட்டு மற்றதை வளரவிடுவது இந்தக் கணக்கில் கட்டுப்படியாகாது. இடுப்பு வாரோடும் காலில் கட்டிய இரும்பு முட்களோடும் ஒருவர் உயர்ந்த மரமொன்றில் ஏறி, உச்சியை அறுத்துத் தள்ளிவிட்டுக் கப்பிகளைக் கட்டுவார். அதன் வழியே நீராவிப் பொறி அடிமரங்களை இழுத்து வரும்போது, நடுவில் நின்ற இளமரங்கள் முறிந்து விழும். அவற்றை வெட்டியது கோடரியும் அல்ல, ரம்பமும் அல்ல. அவ்வாறு கிடந்த கழிவு காய்ந்து தீக்கு இரையாகக் காத்திருந்தது. 1938இல் சேவார்ட் பகுதியில் பரவிய பெருந்தீ ஏறத்தாழ 30,000 ஹெக்டேரை எரித்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் லாரிகள் வந்தன. பழைய ரயில் தடங்கள் பலவும் அவற்றுக்குச் சாலைகளாயின, வெட்டும் முறை மாறவில்லை. தீவின் வடக்கே எங்கிள்வுட் பாதை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 2017 ஏப்ரலில் வாஸ் என்ற ஊர் அருகே மரம் ஏற்றிய பெட்டிகள் கட்டறுந்து இறக்கத்தில் உருண்டு, பாதையில் வேலை செய்துகொண்டிருந்தவர்களில் 3 பேரைக் கொன்றன. அவ்வாண்டு நவம்பரில் அந்தப் பாதை மூடப்பட்டது.